பட்டிக்குள் ஒரு பிரெஞ்சுப் பாதை

மோட்டார் வண்டிகள் என்றால் எனக்குப் பயம். கேட்பவர்களிடம் இதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஐம்பது வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன் தெருவில் நடந்தால் அது நடைப்பயிற்சி ஆகாது, நடமாடும் ஆபீஸ் ஆகிவிடும். ஆளாளுக்கு நிறுத்தி வீட்டு நம்பர் என்னாயிற்று என்பார்கள். அதனால் சைக்கிள் வாங்கினேன். கியர் வைத்தது. கூடவே ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. முதல் ஞாயிற்றுக்கிழமையே, எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தூருக்குக் கிழக்கே போகிற ரோட்டில் ஒரு டிப்பர் லாரி என் முழங்கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. நான் சைக்கிளோடு நேராக ஒரு டீக்கடைக்குள் போய் நின்றேன். இறங்கிப் போகவில்லை, ஓட்டிக்கொண்டே போனேன்.

“சாருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு. சைக்கிளுக்குங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

அந்த வாரம்தான் போனில் பிரான்ஸ் வந்து சேர்ந்தது. என்னைவிட மூத்த ஒரு தம்பதி, சைக்கிளின் இருபக்கமும் பை கட்டிக்கொண்டு, பத்து நாள் கிராமம் கிராமமாகப் போகிறார்கள். ஏறி இறங்கும் பச்சை மேடுகள், திராட்சைத் தோட்டங்கள், ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கால்வாய்க் கரைகள். முக்கியமான விஷயம், அந்தப் பாதைகளில் கார் கிடையாது. கார் வரக்கூடாது என்றே ஒதுக்கிவிட்ட பாதைகளாம். நான் வீடியோ முழுவதையும் காரைத் தேடியே பார்த்தேன். வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“நம்ம ஊர்லயும் கனால் இருக்குதுல்ல?” என்றேன் மனைவியிடம்.

“இருக்குதுங்க. அதுல தண்ணிதான் இல்ல” என்றாள்.

இருந்தது. எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளிப் போகும் பாசனக் கால்வாயின் கரையில் மாட்டு வண்டி அகலத்துக்கு ஒரு மண்பாதை. நடுவில் இரண்டு இடத்தில் மதகு குறுகுவதால் கார் நுழைய முடியாது. பூமியும் அங்கே பிரான்ஸ் மாதிரியே கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். திராட்சைக்குப் பதில் தென்னை, பனை, கடலைக்காடு. தெற்கே நெல்லியாம்பதி மலை. மார்கழி மாதத்தில் கிழக்கேயிருந்து கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று, திரும்பி வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். ‘பிரெஞ்சு ரூட்’ என்று பேர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது போன் செய்தால், “அவரு பிரான்சுக்குப் போயிருக்காருங்க. இட்டிலி ஆறுறதுக்குள்ள வந்துருவாரு” என்று மனைவி சொல்வாள்.

பாதையில் ஒரே ஒரு இடத்தில் கரை உடைந்திருந்தது. அங்கே கீழே இறங்கி, ஒரு குடியானவத் தம்பதியின் ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்து, மறுபக்கமாக ஏற வேண்டும். பட்டி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. சுற்றிலும் முள்வேலி, இந்தப் பக்கம் ஒரு மூங்கில் படல், அந்தப் பக்கம் ஒரு படல், நடுவில் பதினைந்து இருபது ஆடுகள். முதல் நாள் அனுமதி கேட்டபோது அந்த அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“தாராளமாப் போங்க. ஆனா ரெண்டு படலையும் கவுறு போட்டுக் கட்டீட்டுப் போயிருங்க. அக்கட்ட தோப்பத் தாண்டுனா ரோடுங்க. காரும் லாரியுமா இருக்கும்.”

“எனக்கா சொல்றீங்க! காருக்குப் பயந்துதானே இந்தப் பக்கமே வந்திருக்கேன்” என்றேன். அந்தக்கா சிரித்தார்.

அவர் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஆனால் என்னைக் கண்டதும் ஒரு எண்ணை மட்டும் சொல்வார். முதல் வாரம், “பதினாலுங்க சார்” என்றார். நான் ஆட்டுக் கணக்கு என்று நினைத்தேன். அடுத்த வாரம் “இருவத்தி ஒண்ணு” என்றபோதுதான் அந்தக்கா விளக்கினார். கள்ளை விட்டு எத்தனை நாள் என்ற கணக்காம் அது. சித்தூர்ப் பக்கம் கள்ளை விடுவதென்பது கடற்கரையில் இருந்துகொண்டு மீனை விடுவது மாதிரி. வாரம் ஒருமுறை வரும் ஒரு அரை டவுசர் குமாஸ்தாவிடம் அதைச் சொல்வதில் அவருக்கு ஏதோ பிடிமானம் இருந்தது. நானும் கை தட்டுவேன். ஐம்பத்தாறு வரை கை தட்டினேன்.

இங்கே என் காதுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் எனக்குத் தமிழ்க் காது. ஆபீசில் இருபத்தைந்து வருடமாக மலையாளக் காது. வீட்டில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். ஆபீசில் பட்டி என்றால் நாய். புதுவீடு கட்டியவர்களுக்கு நம்பர் போடப் போவது என் வேலை. பாதி வீட்டு கேட்டில் ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக’ என்று பலகை தொங்கும். ‘நாய் இருக்கிறது, ஜாக்கிரதை’. பலகையைப் படிக்கிற வயது அந்தப் பட்டிகளுக்கு இல்லாததால், அவை பலகையைத் தாண்டி வந்து கடிக்கும். இரண்டு முறை ஊசி போட்டுக்கொண்டவன் நான். அதனால் எனக்குச் சிரிப்பு தமிழில் வரும், கோபம் தமிழில் வரும். பயம் மட்டும் மலையாளத்தில்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பி வரும்போது அந்தக்கா பால் ஊற்றப் போயிருந்தார். நான் முதல் படலைக் கட்டினேன். ஆடுகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டாவது படலைத் திறந்து வெளியே வந்தேன். கயிற்றைக் கையில் எடுத்தபோது மலைமேல் வெயில் விழுந்தது. அடடா, அசல் பிரான்ஸ்! படலைச் சும்மா சாத்திவைத்துவிட்டு, கரையேறி, ஒரு போட்டோ எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். சைக்கிளையும் சேர்த்து ஒன்று.

அப்போது பின்னால் தோப்பிலிருந்து ஒரு கூச்சல்.

“சார்! பட்டீ... பட்டீங்கோ!”

ஊர்க்காரனுக்கு அந்த ஒரு சொல் போதும். அந்த நிமிடம் நான் ஊர்க்காரனாக இல்லை. முந்தின நாள் நம்பர் போடப் போன வீட்டில் ஒரு பட்டி என் கால்சட்டையைப் பிடித்து இழுத்திருந்தது. சொல் காதில் விழுந்ததும் கால் பெடலில் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கடிக்கும் என்று எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கூச்சல் மறுபடியும் வந்தது. “பட்டீ!” நாய் நெருங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். காற்றும் முதுகில் இருந்தது. கியர் ஏற ஏற, நான் பிரெஞ்சுக்காரர்களே கண்டிராத வேகத்தில் பிரெஞ்சு ரூட்டைக் கடந்தேன். வீட்டு வாசலில்தான் பிரேக் பிடித்தேன்.

“கறுப்பு நாய்” என்றேன் மனைவியிடம், மூச்சு வாங்க. “கன்னுக்குட்டி உயரம். ஒரு காது கிழிஞ்சிருக்கு.”

“பாத்தீங்களா?”

“பின்னால வந்ததை எப்படிப் பார்க்கிறது?”

“அப்புறம் காது கிழிஞ்சது எப்படித் தெரியும்?”

நான் குளிக்கப் போய்விட்டேன். அந்த வாரம் முழுக்க ஆபீசில் நாய் வளர்ந்தது. வியாழக்கிழமை அதற்குக் கழுத்தில் அறுந்த சங்கிலியும் இருந்தது.

அடுத்த ஞாயிறு கையில் ஒரு தடியோடு போனேன். பட்டியில் அந்தக்கா ஒரு ஆட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். வயிறு சரிந்த சினையாடு. பின்னங்காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. அவர் வீட்டுக்காரர் படல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எண் சொல்லவில்லை.

“போன ஞாயித்துக்கெழம எல்லா ஆடும் ரோட்டுக்குப் போயிருச்சுங்க” என்றார் அந்தக்கா. “ஒரு காருக்காரன் இவள இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். எப்பவும் ரெட்டக்குட்டி போடற ஆடுங்க. இனி என்னாகுதோ. ஒரு படலு கட்டாம இருந்துதுங்க.”

என் மண்டைக்குள் கறுப்பு நாய் மெதுவாகத் திரும்பி நின்றது. அதன் கிழிந்த காது ஒட்டிக்கொண்டது. சங்கிலி கழன்றது. பிறகு நாயே இல்லை. பட்டி. ஆட்டுப்பட்டி. சாத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நான் ஓடியிருக்கிறேன்.

“இந்த மனுசன் என்ன சொல்றாருங்கறீங்க? சார்தான் கட்டாமப் போனாரு, கத்தக் கத்தத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடுனாருங்கறாரு. ஆபீசரு அப்படிச் செய்வாராங்க? இவரு காத்தாலயே கள்ளு ஷாப்புக்குப் போயி ஊத்தீட்டு வந்து, படல முட்டித் தொறந்துட்டு, இப்பப் பழிய உங்க மேல போடறாரு. கேக்கறப்பவே எனக்கு வெக்கமாப் போச்சுங்க.” அவர் எழுந்து என் முகத்தைப் பார்த்தார். “நீங்க கட்டீட்டுத்தானுங்களே போனீங்க?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது.

பயத்தில் நான் செய்த காரியங்களைக் கதைகதையாகச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். டீக்கடைக் கதை ஒன்றே எனக்கு இரண்டு கல்யாணப் பந்திக்குத் தாங்கியது. ஆனால் அன்று செய்ததை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. வாய் தானாகத் திறந்தது.

“ஆமாங்க. கட்டுனனே.”

“பாத்தீங்களா!” என்று அந்தக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பஸ்ஸைத் தவறவிட்டவர், அது போன திக்கைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நான் இரண்டு படலையும் மூன்று முடிச்சு போட்டுக் கட்டினேன். தடி என் கையிலேயே இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு டயர் பஞ்சர் என்றேன். மனைவி போய் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“டயர்ல காத்து நல்லாத்தான் இருக்குதுங்க. உங்களுக்குத்தான் எறங்கீருச்சு. என்னுங்க ஆச்சு?”

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோழைக்குத் தெரிந்த நல்ல காரியத்தைச் செய்தேன். புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் ஒரு மூட்டை புண்ணாக்கை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். பிரான்சில் துணிமணி கட்டுகிற இடத்தில் நான் புண்ணாக்கு கட்டினேன்.

“ஆட்டுக்குக் கால் சரியாகணுமில்லைங்களா, அதான்” என்றேன்.

அந்தக்கா இரண்டு கையாலும் மூட்டையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. “யாரு பெத்த புள்ளயோ! எங்க ஆட்டுக்கு நீங்க கொண்டாந்து போடறீங்க. ஊட்டுல இருக்கற மனுசன் இருக்காரே...”

“அண்ணன் எங்கீங்க?”

“எங்க இருப்பாரு? மொதல்ல நான் சும்மா சந்தேகத்துல சொன்னேன். இப்ப நெசமாவே போயிட்டாருங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குப் பொழுதோட போனவருதான். தெனமும் ஷாப்புல.”

நான் அப்படியே ஆட்டுத்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அதில் தண்ணீர் இருந்தது தெரிந்தது. எழவில்லை. அந்த ஈரத்திலேயே சொன்னேன். போட்டோ எடுத்தது, கயிற்றைக் கையில் எடுத்துவிட்டுக் கட்டாமல் போனது, பட்டி என்ற சொல்லை நாய் என்று கேட்டது, ஓடியது, பொய் சொன்னது எல்லாவற்றையும்.

“நாயிங்களா?” என்றார் அந்தக்கா. ஒரு கணம் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது அவருக்கு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அந்தச் சிரிப்பு எங்கோ பாதியில் நின்றுபோனது. முந்தானை வாயிலேயே இருந்தது. புண்ணாக்கு மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? அவருகிட்டப் போயிச் சொல்லுங்க.”

பஞ்சாயத்து குமாஸ்தா கள்ளு ஷாப்புக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நம்பர் வாங்கக் காத்திருக்கிற நாலு பேராவது உள்ளே இருப்பார்கள். இருந்தார்கள். அவர் மூலை பெஞ்சில் ஒரு கிளாசுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். என் பின்புறம் நனைந்திருந்தது.

“அண்ணா, படலை நான்தான் கட்டாமப் போனேன்.”

“தெரியுமுங்க சார். நீங்க ஓடறதப் பாத்தனுங்களே.”

“அன்னிக்கு அக்கா முன்னால நான் பொய் சொன்னப்ப ஏன் ஒண்ணும் சொல்லலீங்க?”

கிளாசை ஒரு சுற்று சுற்றினார். “சொல்லாமயா? மொத நாளே சொன்னனுங்க. அவ நம்பல. செரி, ஞாயித்துக்கெழம சாரு வருவாரு, அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். அந்த ஒரு வாரமும் தொடலீங்க. எழுவது நாளு. நீங்க வந்தீங்க, கட்டுனேன்னீங்க. அப்புறம் எனக்கே ஒரு சந்தேகம் வந்துருச்சு. படிச்சவரு சொல்றாரு. ஒருவேள நாந்தான் குடிச்சுப்போட்டு, குடிச்சதும் ஞாபகமில்லாமக் கெடந்தனோ? கையெல்லாம் மோந்து பாத்தனுங்க.” சிரித்தார். “எப்படியும் குடிகாரன்னு பேரு வாங்கியாச்சு. வாங்குன பேர எதுக்குச் சும்மா வெச்சிருக்கறதுன்னு வந்துட்டேன்.”

எனக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

“ஆனா ஒண்ணு கேக்கணுமுங்க சார். நான் பட்டியச் சாத்துங்கன்னுதான கத்துனேன். ஏனுங்க அப்படிப் பேயறஞ்ச மாதிரி ஓடுனீங்க?”

சொன்னேன். என் இரண்டு காதுகளையும் பற்றி, கால்சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பற்றி. பக்கத்து பெஞ்சு முதலில் சிரித்தது. பிறகு ஷாப்பே சிரித்தது. கறி வைக்கிற அம்மா உள்ளேயிருந்து, “பட்டி வருதுங்கோ சார்!” என்று கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழக்கமாக இந்த மாதிரிச் சிரிப்புக்காகத்தான் நான் வாயைத் திறப்பதே. அன்று அதில் எனக்கு ஒரு பங்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு, “நாயி” என்று மட்டும் சொல்லி, மூக்கால் ஒரு காற்று விட்டார். கிளாசில் இருந்ததைக் குடித்து முடித்தார். வாங்கியதை யார் வீணாக்குவார்கள்?

ஷாப்பிலிருந்து பட்டி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் கூடவே நடந்தேன். மெயின் ரோடு. காரும் லாரியும் முழங்கையை உரசிப் போயின. டீக்கடைக்குள் நுழைய வேண்டும் என்று தோன்றவே இல்லை. பட்டியில் அந்தக்கா முன்னால் நின்று இன்னொரு முறை முழுசாகச் சொன்னேன், அவர் கேட்கும்படியாக. அந்தக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். “சோறு ஆக்கீட்டேன்” என்றார். அவர் உள்ளே போனார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அது சரிதான் என்று பட்டது.

ஆபீசில் கறுப்பு நாயை வாபஸ் வாங்கினேன். மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அந்தாளு ஒரு வாரம் உங்களுக்காகக் காத்திருந்தாராக்கும்” என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் இன்னும் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிரெஞ்சு ரூட்டில் இப்போதும் போகிறேன். பாதையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் அது மறுபடியும் ஓடுவதாகிவிடும். படலைக் கட்டியதும், “பட்டி சாத்தியாச்சுங்க!” என்று தோப்பைப் பார்த்துக் கத்துவேன். யாராவது ஒருவர் “ஆமாங்!” என்று பதில் சொல்லும்வரை கரையேறமாட்டேன். பல வாரம் அந்தக்காதான் பதில் சொன்னார். அவர் வீட்டுக்காரர் ஷாப்புக்குப் போவது குறைந்திருக்கிறது என்று கேள்வி. நான் எண்ணைக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

போன ஞாயிறு அவரே படல் பக்கம் நின்றிருந்தார். கால் சாய்த்து நடக்கும் அந்த ஆடு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, “ரெண்டுங்க சார்” என்றார்.

சந்தோஷத்தில் கை தட்டப் போனேன். தட்டவில்லை. அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு நான் ஏற்கெனவே ஒருமுறை சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

“ரெண்டு குட்டிங்களா?”

“குட்டி ஒண்ணுதானுங்க பொழச்சுது” என்றார். “ரெண்டுங்கறது நாளு.”